வெளியே ஒரு ஆளை உட்கார வையுங்கள்

சென்னையிலிருந்து வார இறுதிகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் ஆட்களைத் திரட்டி மலைக்கும் அருவிக்கும் குகைக்கும் அழைத்துப் போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரோடு சித்திரை விடுமுறையில் மேகாலயாவுக்குப் போய், ஒரு குகைக்குள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, இரவு முழுக்க உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். அந்த அமைப்பாளரின் பெயரையோ குழுவின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. கோளாறு அவரிடம் மட்டும் இருந்திருந்தால் போன் போட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டு விஷயத்தை முடித்திருப்பேன். திரும்பி வந்த பிறகு உங்களில் பலருடைய பயண அறிவிப்புகளை உட்கார்ந்து படித்தேன். நான் பார்த்தவை எல்லாவற்றிலும் அதே ஓட்டை இருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். குகையின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த மாதமே அதற்கு ஒரு பேக்கேஜ் போட்டுவிடுவீர்கள்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. குழு உள்ளே போகும்போது, பயணத்தில் சேராத ஒருவர் ஊரில் போனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே போனவர்களின் பட்டியல் காகிதத்தில் அவர் கையில் இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குள் ‘வெளியே வந்துவிட்டோம்’ என்று போன் வராவிட்டால், யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். இதற்கு ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். நடந்ததைச் சொன்னால் புரியும்.

அமைப்பாளரையும் சேர்த்து நாங்கள் பதின்மூன்று பேர். குவாஹாத்தியில் இறங்கி, சுமோக்களில் ஷில்லாங் தாண்டி, சோரா பக்கம் ஒரு கிராமம். சோரா என்றால் நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த சிரபுஞ்சிதான். உள்ளூர் வழிகாட்டி யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. அமைப்பாளர் முன்பு ஒருமுறை வந்திருந்தாராம், போனில் வீடியோ இருந்தது, அது போதும் என்றார். கிராமத்து முனையில் ஒரு சின்னச் சோற்றுக்கடை. கடைக்கார அம்மாவை அங்கே எல்லோரும் மரியாதையாக ‘கொங்’ என்று கூப்பிடுகிறார்கள். காலையில் அவரிடம் மத்தியானச் சாப்பாடு சொல்லிவிட்டுப் போனோம். பன்னிரண்டு தட்டு. எனக்கு அன்று விரதம், பையில் வாழைப்பழம் இருந்தது, அதனால் எனக்குச் சொல்லவில்லை. இந்தத் தட்டுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

உள்ளே முதலில் முழங்கால் அளவுத் தண்ணீர். காலடியில் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. கொஞ்ச தூரம் போனதும் கூரை தாழ்ந்து வந்து, தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே குனிந்து போகும் அளவுக்குத்தான் இடைவெளி. அதைத் தாண்டினால் பெரிய கூடம். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மேலே டார்ச் அடித்துப் பார்த்தேன். கை எட்டாத உயரத்தில், பாறை இடுக்கில், மூங்கில் இலையும் சுள்ளியும் செருகிக்கொண்டிருந்தன. குகைக்குள் மூங்கில் ஏது? தண்ணீர் கொண்டுவந்து வைத்ததுதான். அமைப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அது ஜூன் ஜூலை வெள்ளம்க்கா, இப்போ ஏப்ரல்தானே” என்றார்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் அந்தப் பக்கம் இடியோடு மழை கொட்டும். பருவமழை அதற்குப் பிறகு வருவது. அங்கே குகைகளை அளக்கப் போகும் குழுக்கள் பிப்ரவரியை ஒட்டிப் போவது சும்மா இல்லை. சுண்ணாம்புப் பாறையில் மழைத்தண்ணீர் நம் ஊர் மாதிரி தெருவில் தேங்கி நிற்காது. மேட்டில் இருக்கும் துளைகள் வழியாக இறங்கி நேரே குகைக்குள் வரும். உள்ளே இருப்பவருக்கு இடி கேட்காது, மேகம் தெரியாது. எங்கேயோ மேலே பெய்த மழை கொஞ்ச நேரம் கழித்துக் காலடியில் வந்து நிற்கும்.

எங்களுக்கு அது நிறத்தில் தெரிந்தது. திரும்பி நடக்கத் தொடங்கியபோது தண்ணீர் பழுப்பாகிவிட்டிருந்தது. நுரை மிதந்து வந்தது, கூடவே இலைத் துணுக்குகள். தாழ்வான இடத்துக்கு வந்தபோது கூரையும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டுவிட்டன, இடைவெளியே இல்லை. கூட வந்த கல்லூரிப் பையன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப் போய்விடலாம் என்றான். அமைப்பாளர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை மன்னித்துவிட்டேன்.

கூடத்தின் ஓரத்தில் ஒரு மேடு. பைகளையும் கயிற்றையும் கீழே பரப்பி, அதன் மேல் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு மற்றவற்றை அணைத்துவிட்டோம். இருட்டு பழகிவிடுகிறது, குளிர்தான் பழகுவதில்லை. குகைக்குள் வெப்பநிலை அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும், பகல் இரவு வித்தியாசம் கிடையாது. சோராவின் சராசரி என்பது நமக்கெல்லாம் நல்ல குளிர். ஏசியைப் பதினெட்டில் வைத்து, ஈர ஜீன்ஸோடு, விடிய விடிய சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பாருங்கள். நடுராத்திரிக்கு மேல் ஒருத்திக்கு நடுக்கம் நின்று பேச்சு குழறியது. நடுக்கம் இருக்கும்வரை பரவாயில்லை, நின்றால்தான் ஆபத்து என்று குழுவில் இருந்த ஒரு நர்ஸ் சொன்னார். அவளை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி நெருங்கிக்கொண்டோம்.

சரி, உள்ளே நடந்தது இவ்வளவுதான். உங்களிடம் நான் சொல்ல வந்தது அந்த நேரத்தில் வெளியே நடந்தது.

சோறு ஆறிப்போய், மாலையும் ஆகிவிட்டது. கடைக்குப் பின்னால் ஓடும் ஓடை கலங்கி வருவதைக் கொங் பார்த்திருக்கிறார். சாப்பாடு சொன்னவர்கள் வரவில்லை. மகனை ஊர்த் தலைவர் வீட்டுக்கு ஓடச் சொல்லியிருக்கிறார். தலைவர்தான் ஊர் ஆட்களைத் திரட்டி, போலீசுக்கும் போன் செய்தார். எங்களைக் காப்பாற்றிய முதல் ஆள் யார் என்றால் இந்த அம்மாதான். அதுவும் தற்செயல். சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தால் அவருக்கு நாங்கள் யாரோ.

போலீஸ் கேட்ட முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர்? யாருக்கும் தெரியாது. சுமோ ஓட்டுநர்கள் எங்களை இறக்கிவிட்டு டீசல் போடப் போய்விட்டார்கள். எங்கள் பெயர், இரத்த வகை, வீட்டு எண், எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கூகுள் படிவத்தில் ஒழுங்காகத்தான் நிரப்பிக் கொடுத்திருந்தோம். அந்தப் படிவம் அமைப்பாளரின் கணக்கில் இருந்தது. கணக்கு அவர் போனில் இருந்தது. போன் அவரோடு குகைக்குள் இருந்தது. கடைசியில் கொங்தான் சொன்னார், பன்னிரண்டு தட்டு என்று. மீட்புக் கணக்கு பன்னிரண்டு ஆனது.

சென்னையில் ஆதம்பாக்கத்தில் என் அண்ணன். சாயங்காலம் போன் பண்ணுவேன் என்று சொன்னவள் பண்ணவில்லை என்று அண்ணி முதலில் பதறியிருக்கிறார். அறிவிப்பில் இரண்டு எண் போட்டிருந்தது. இரண்டுமே தொடர்பு எல்லைக்கு வெளியே. அப்புறம்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே போனில் இருந்த இரண்டு சிம். எந்தக் குகை என்று கேட்டால் அறிவிப்பில் ‘மர்மக் குகை சாகசம்’ என்று போட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனுக்குப் போன் செய்வது? மேகாலயாவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அளந்த ‘கிரெம் லியாட் பிரா’ மாதிரியான குகைகள் இருக்கின்றன. எந்த வாயில் வழியாகப் போனார்கள் என்று தெரியாமல் தேடுவது நடக்கிற காரியமா? அண்ணன் ஷில்லாங் ஹோட்டலைப் பிடித்து, அவர்கள் வழியாக ஓட்டுநரைப் பிடித்து, ஓட்டுநர் வழியாகப் போலீசைப் பிடித்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு மேட்டுப் பக்கம் இன்னொரு வாயில் தெரியும். பழைய வறண்ட பாதை, நாங்கள் இருந்த கூடத்தின் மேல்பக்கத்தில் வந்து இறங்குகிறது. விடியும் முன் அங்கிருந்து டார்ச் வெளிச்சம் தெரிந்தது. மூங்கில் ஏணி, கயிறு, வெற்றிலை போட்ட சிவந்த வாயோடு சிரித்துக்கொண்டே இறங்கிய இரண்டு பேர். முதலில் குளிரில் விறைத்தவளை அனுப்பினோம். அப்புறம் ஒவ்வொருவராக. நான் கடைசி.

மேலே ஒருவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது ஆள் வெளியே வந்ததும் கீழே ரோட்டில் இருந்தவர்களுக்கு ‘எல்லோரும் வந்தாச்சு’ என்று செய்தி போய்விட்டது. அது அப்படியே சென்னைக்கும் வந்தது. அண்ணனுக்குப் போனில் பட்டியலை வாசித்தார்கள். பன்னிரண்டு பெயர், எல்லோரும் பத்திரம், உள்ளே யாரும் இல்லை. என் பெயர் அதில் இல்லை. நான் ஏணியில் ஏறி, நடந்து, அந்தப் போலீஸ்காரர் முன்னால் போய் நிற்கிறவரை, ஆதம்பாக்கத்தில் என் அண்ணன் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் கூகுள் படிவத்தின் மேல்தான் கோபம் வருகிறது.

எங்களுக்கு வாய் இருந்தது, இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று முன்னால் போனவர்கள் சொல்ல முடிந்தது. பேசும் நிலையில் யாரும் இல்லாத ஒரு விபத்தில் தட்டுக் கணக்கை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் கால்பந்துக் குழுவின் பன்னிரண்டு சிறுவர்களும் துணைப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் மாட்டியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூன் 23 அன்று உள்ளே போனார்கள், ஜூலை 2 அன்று பிரிட்டன் முக்குளிப்பாளர்கள் இருவர் கண்டுபிடித்தார்கள், ஜூலை 10இல் கடைசி ஆள் வெளியே வந்தார். நடுவில் சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரைக் கொடுத்தார். மயக்க மருந்து, ஆக்சிஜன் சிலிண்டர், தண்ணீரை வெளியேற்றிய பம்புகள் பற்றியெல்லாம் பேசுகிறோம். தேடல் எப்படித் தொடங்கியது என்பதை யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் வீடு திரும்பவில்லை என்று பெற்றோர் தலைமைப் பயிற்சியாளருக்குப் போன் செய்தார்கள். அன்று குகைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பையன் இடத்தைச் சொன்னான். வாயிலில் சைக்கிள்களும் பைகளும் இருந்தன. எங்கே, யார் யார் என்பது முதல் நாள் இரவே தெரிந்துவிட்டது. அது தெரிந்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

இன்னொன்று, 2014இல் ஜெர்மனியில் ரீசெண்டிங் குகையில் நடந்தது. சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கல் விழுந்து ஒருவருக்குத் தலையில் அடி. குகைக்குள் செல்போன் எடுக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். கூட இருந்தவர்களில் ஒருவர் சுமார் 12 மணி நேரம் ஏறி மேலே வந்துதான் செய்தியே சொல்ல முடிந்தது. அடிபட்டவரை வெளியே கொண்டுவர எழுநூறுக்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள், ஜூன் 8 அன்று அடிபட்டவர் 19 அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தார். அவ்வளவு அனுபவமுள்ளவர்களுக்கே செய்தி சொல்ல அரை நாள். நம் குழுவில் யார் ஏறி வந்திருப்பார்கள்?

நம் பக்கமும் உண்டு. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த இளைஞரை, மஞ்ஞும்மலிலிருந்து கூட வந்த நண்பரே கயிற்றில் இறங்கிக் கொண்டுவந்தார். அந்தக் கதையை 2024இல் நாமெல்லோரும் தியேட்டரில் பார்த்துக் கைதட்டினோம். கைதட்டிவிட்டு வந்து ‘குகை சாகசம்’ என்று நீங்கள் போஸ்டர் அடித்தீர்கள், நானும் பணம் கட்டினேன்.

அரசாங்கத்தைக் கேட்கலாமே என்பீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியது. நல்லது. ஆனால் சென்னையில் பணம் வாங்கி மேகாலயாவுக்கோ ஆந்திராவுக்கோ கூட்டிப் போகும் உங்களை அந்த விதி தொடாது. விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது? ஒரு காகிதமும் ஒரு ஆளும்தானே.

அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அண்ணன் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. சென்னையில் உட்கார்ந்து 112 அடித்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். 1077 என்பது மாவட்டப் பேரிடர் எண், 1070 மாநிலத்துக்கு. ஆனால் இங்கிருந்து வெறும் 1077 அடித்தால் மேகாலயா எடுக்காது, அந்த ஊர் எஸ்.டி.டி. குறியீட்டோடு அடிக்க வேண்டும். அதனால் குகைக்குப் பக்கத்துக் காவல் நிலையத்தின் எண், ஊர்த் தலைவரின் எண், தங்கும் இடத்தின் எண், ஓட்டுநர்களின் எண் நாலையும் கிளம்பும் முன்பே எழுதி, ஒருமுறை அடித்துப் பார்த்து வைக்க வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் முதல் பட்டாலியன் குவாஹாத்தியில் இருக்கிறது, நம் பக்கத்துக்கு அரக்கோணத்தில் நாலாவது பட்டாலியன். எங்கிருந்து கிளம்பினாலும் மலைப் பாதையில் வந்து சேர மணிக்கணக்காகும். கூப்பிடுவது எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது.

உங்கள் பதில்களை நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், உங்களில் மூன்று நாலு பேரிடம் பேசினேன். ‘டவர் இருக்காதே, வெளியே வந்தாலும் எப்படிப் போன் பண்ணுவது?’ என்றார் ஒருவர். டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர ஆகும் நேரத்தையும் கூட்டி, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் சேர்த்துக் கடைசி நேரத்தைக் குறியுங்கள். பிரிட்டனில் குகைக்குப் போகிறவர்கள் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். ‘நம்ம ஆளுங்க எப்பவுமே லேட், தினமும் போலீசுக்குப் போன் போகும்’ என்றார் இன்னொருவர். அப்படியானால் லேட்டாக வருவதை நிறுத்துங்கள், அல்லது நேரத்தைத் தள்ளிக் குறியுங்கள். குறித்த பிறகு வெளியே வந்ததும் முதல் வேலை போன், டீ அப்புறம். ‘இதையெல்லாம் சொன்னால் கஸ்டமர் பயந்துவிடுவார்கள்’ என்றார் மூன்றாமவர். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை, வியாபாரம் அப்படி. ஆனால் பணம் கட்டுவது பெரும்பாலும் பிள்ளைகள், விடிய விடிய போனைப் பார்த்துக்கொண்டிருப்பது வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் கையில் ஓர் எண்ணும் ஒரு நேரமும் கொடுத்தால் பயப்படுவார்களா, தைரியமாக அனுப்புவார்களா?

ஹெல்மெட், ஆளுக்கு மூன்று விளக்கு, மாற்று பேட்டரி, உள்ளூர் வழிகாட்டி, மழை பார்த்து முடிவெடுப்பது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த அறிவிப்பில், புறப்படும் தேதிக்கும் கட்டணத்துக்கும் கீழே ஒரு வரி சேருங்கள்: வெளியே இருக்கும் பொறுப்பாளரின் பெயர், எண், அவர் கூப்பிடத் தொடங்கும் நேரம். அந்த எண் உங்கள் இரண்டாவது சிம்மாக இருக்கக் கூடாது. விரதம் இருப்பவர்களையும் பட்டியலில் எண்ணிக்கொள்ளுங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், சனி, ஞாயிறு நான் வீட்டில்தான் இருக்கிறேன், என்னிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆள் இருக்கும் பயணமென்றால், மேகாலயாவுக்கு பிப்ரவரியில் ஓர் இடம் எனக்கு ஒதுக்கி வையுங்கள். முன்பணம் அனுப்பிவிடுகிறேன். கொங் அம்மாவுக்கு நாங்கள் அந்தப் பன்னிரண்டு தட்டுக்குப் பணம் கொடுத்தோமா என்று யாருக்குமே நினைவில்லை, அதையும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆதம்பாக்கத்திலிருந்து
உங்கள் பழைய பயணி ஒருத்தி